செப்டம்பர் பதினேழாம் தேதியிட்ட தாள்

ரிம்மா அர்க்காதியெவ்னாவும் அவள் கணவர் க்ளெப்பும் பதினெட்டு வருடங்கள் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். அவள் இரண்டாம் மாடி, அவர் ஐந்தாம் மாடி. அங்கே என்ன செய்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் விமான ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் எங்கள் ஜுக்கோவ்ஸ்கி நகரில் எந்த மனைவியும் கேட்க மாட்டாள். ரகசியம் காப்பதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள்.

கேட்காத இடத்தில் சந்தேகம் குடியேறியது. 1988இல் மகள் இனெஸ்ஸாவின் திருமணத்துக்கு அவர் வரவில்லை. விருந்தினர் போன பிறகு, கசங்கிய சட்டையோடு வந்து நின்றார்.

"உங்கப்பாவுக்கு வேற ஒருத்தி இருக்கா" என்று ரிம்மா மகளிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடத்தில் க்ளெப் மாரடைப்பில் போனார். அடக்கத்துக்கு மகள் வரவில்லை.

1993 வசந்தத்தில், கைவிடப்பட்ட ஒரு திட்டத்தின் வரைபடங்களை எரிக்க மூன்று பேரை நியமித்தார்கள்: ரகசியப் பிரிவின் லாவ்ர் குஸ்மிச், ரிம்மா, அவளோடு இரண்டாம் மாடியில் வேலை பார்த்த நான். கொதிகலன் அறையில்தான் முதன்முதலாக அதைப் பார்த்தோம். ஒரு ராட்சத விமானம். அதன் முதுகில் சிறகுள்ள சின்ன விண்கலம். வானத்தில் அதை விடுவித்ததும் விண்வெளிக்குப் போகும், திரும்பி வந்து ஓடுபாதையில் இறங்கும், மறுபடி பறக்கும். எல்லாம் காகிதத்தோடு நின்றுவிட்டது, அதைக் கட்ட ஒரு ஆணிகூட அடிக்கப்படவில்லை.

"இவ்வளவு வானத்தையும் ஒரே அடுப்புல போட்டா, கொதிகலனே கிளம்பிப் பறந்துடும்" என்றார் லாவ்ர். நான் சிரித்தேன். ரிம்மா சிரிக்கவில்லை.

அவள் கையிலிருந்த தாளில், விண்கலத்தைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் படம். எங்கள் வழக்கப்படி மூலையில் கையெழுத்து, பக்கத்தில் தேதி. க்ளெப்பின் கையெழுத்து. 17 செப்டம்பர் 1988. மகளின் திருமண நாள்.

அவள் அந்தத் தேதியை மறுபடி படித்தாள்.

கடைசிக் கட்டிலிருந்த தாள்களை எண்ணிய லாவ்ர் நிமிர்ந்தார். "நாப்பத்திரண்டு இருக்கணும். நாப்பத்தொண்ணுதான் இருக்கு."

ரிம்மாவின் கை கோட்டுக்குள் இருந்தது.

"ரிம்மா அர்க்காதியெவ்னா, எடுங்க. உங்களை மட்டுமா உள்ள தள்ளுவாங்க? ஸோயாவுக்கு மூணு புள்ளைங்க இருக்கு."

ஸோயா நான்தான். அவள் என்னைப் பார்த்தாள். நெஞ்சோடு மடித்து வைத்திருந்ததை எடுத்தாள், பிரித்தாள், அந்தத் தேதியை விரலால் தடவினாள். அப்புறம் தன் கையாலேயே நெருப்பில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு ரிம்மா இனெஸ்ஸாவை வரவழைத்தாள், என்னையும் கூட இருக்கச் சொன்னாள். தேநீர் ஊற்றும்போதே மகளிடம் சொன்னாள்.

"உங்கப்பா மேல பொய்ப்பழி போட்டுட்டேன்டி. அன்னிக்கு அவர் வேலையிலதான் இருந்தார்."

"யார் சொன்னா?"

"நானே பார்த்தேன். என்னன்னு மட்டும் கேக்காத."

"செத்தவரை இப்ப எதுக்கும்மா புனிதராக்குற? கல்யாணத்தன்னிக்குப் பொண்ணை விட்டுட்டுப் பார்க்கிற வேலையா?" இனெஸ்ஸா என் பக்கம் திரும்பினாள். "ஸோயா அத்தை, நீங்களாவது சொல்லுங்க. அம்மா சொல்றது நிஜமா?"

எல்லாவற்றையும் எரித்தோம், வெளியே சொல்லமாட்டோம் என்று மூவரும் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் என் கையெழுத்தும் இருந்தது. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனெஸ்ஸா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வீட்டுக்குப் போகும் பேருந்து, க்ளெப்பை அடக்கம் செய்த கல்லறைத் தோட்ட வாசலில் நிற்கும். அன்றும் நின்றிருக்கும். அவள் இறங்கியிருக்க மாட்டாள்.