சேகரன் அண்ணனுக்கு நான் சொன்ன ஆற்றுப் பாதை

போன மாதம் புக்கிட் கட்டில் மேட்டில் நான் மூச்சு வாங்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் படமெடுத்து, எங்கள் சைக்கிள் குழுவில் போட்டுச் சிரித்தவர் சேகரன் அண்ணன்.

இன்று காஜா பேராங் ரொட்டி சானாய் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஸ்பெயின் போறேன். நீ போனியே, காரே வராத பாதை, அத கொஞ்சம் சொல்லு லா."

"ஆத்தோரமாவே போகும்ணே. ஒரு லோரி கிடையாது."

"மேடு இருக்கா?"

"நான் ஒரு இடத்துலகூட இறங்கித் தள்ளல."

அது சத்தியம். நான் மலையடிவாரத்தில் தொடங்கி, ஆறு ஓடும் திசையிலேயே இறங்கி வந்தேன். அவருக்கு எழுதிக் கொடுத்த வழி, நான் முடித்த ஊரில் தொடங்குகிறது. நாள் முழுக்க ஏற்றம்தான்.

ஸ்பெயினில் நம் ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு ஒரே ஒரு படம் போதும்.