மண்மாப்பிள்ளையும் மாமியார் வாளியும்

மண்மாப்பிள்ளை என்கிற பேரை நான் முதலில் கேட்டது என் தங்கை வாயால்தான். மகளுக்கு வரன் பார்த்துவிட்டு வந்தவள், "அக்கா, மண்ணு எவ்வளவு ஈரமா இருக்குன்னு பாக்குறதுதான் பையனுக்கு வேலையாம். அதுக்கு ஒரு ஆபீசு, ஒரு ஜீப்பு. கைய வச்சுப் பாத்தா தெரியாதா?" என்றாள். கல்யாணம் முடிந்தும் அந்தப் பேர் போகவில்லை.

மகளும் மாப்பிள்ளையும், கூடவே என் தங்கையும் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஆபீசுக்குச் சொந்தமான வெற்றுநிலம். அதில் ஒரு கம்பம், உச்சியில் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு கருவி. மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணலை கிளம்புமாம். ஈரமண் என்றால் குறைவு, காய்ந்த மண் என்றால் அதிகம். அதை வைத்துக் கருவி ஈரத்தைச் சொல்லும். அது பார்க்கிற இடத்தைச் சுற்றி வேலி. உள்ளே யாரும் கால்வைக்கக் கூடாது. மாப்பிள்ளை வேலிக்கு வெளியே மண் வெட்டி, அடுப்பில் காயவைத்து, எடைபோட்டு, கருவி சொன்னதோடு ஒப்பிடுவார்.

அந்தக் கோடையில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. மழையே இல்லை; கருவியோ ஈரம் என்று சாதித்தது. பெரிய அதிகாரி போனில், "ஒண்ணு மெஷின் பொய் சொல்லுது, இல்ல நீ சொல்ற. நேர்ல வர்றேன்" என்றார். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் கிடுகிடுவென்று ஏறியது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எல்லாரும் வெளியே ஓடினார்கள்.

வேலிக்குள்ளே என் தங்கை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் வாளி.

"அத்தை, என்ன பண்றீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"தெனமும் சாயங்காலம் ஊத்துறதுதான் மாப்பிள்ளை. இன்னைக்கு ஐயா வர்றாரேன்னு ரெண்டு வாளி சேத்து ஊத்துனேன்."

"ஏம்மா?" என்றார் அதிகாரி.

"மண்ணு காஞ்சு கெடந்தா இவரைத்தானே திட்டுவீங்க?"

மாப்பிள்ளை தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி சிரித்துச் சிரித்து வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். "மெஷினும் பொய் சொல்லலை, நீயும் சொல்லலை. ரெண்டு வாளித் தண்ணியக்கூட விடாமக் கண்டுபிடிக்குதே."

"அப்ப வேலை?" என்றாள் தங்கை, வாளியைக் கீழே வைக்காமல்.

"வேலை உண்டும்மா. வாளியை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க."

அந்த வருஷமே வேலை நிரந்தரமானது. பிறகு மாற்றலும் வந்தது. இப்போது அவர் பனிமலை அடிவாரத்து ஆபீசில், பனிக்குள் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிறார். மனைவியும் கூட இருக்கிறாள். தங்கையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.