விளக்கு அணையவில்லை

போன செவ்வாய்க்கிழமை முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் ஒரு அரிக்கேன் விளக்கு தெரிகிறது. நன்றாக எரிகிற விளக்கு. அதுதான் பிரச்சினையே.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். போர் போடுகிற எங்கள் ஊர் ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கின்றன. எங்கள் தோட்டத்தில் மட்டும் ஐந்து போர் போட்டும் புழுதிதான். ஆறாவது போடலாம் என்றார் என் கணவர். கூடாது என்றாள் மகள் நிவேதா. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒன்றரை வருடமாக அவள்தான் விவசாயம் பார்க்கிறாள்.

"பெய்யற மழைய ஓட உட்டுட்டு, பூமிய ஓட்டை போட்டா எப்படிப்பா தண்ணி வரும்?"

வரப்பை உயர்த்தினாள். சரிவில் குழிகள் வெட்டினாள். மிச்சம் இருந்தது, சேறு மூடிக் கிடந்த பழைய கிணறு. தூர் வாரினால் மழைநீர் தங்கும்.

அடியில் கிடக்கும் தண்ணீரை முதலில் இறைக்க வேண்டும். மோட்டார் ஓட்ட த்ரீ பேஸ் கரண்ட் மதியம்தான் வரும். அதுவரை யார் காத்திருப்பது? பக்கத்துத் தோட்டத்துச் செல்லமுத்து அண்ணன் டீசல் இன்ஜின் கொண்டுவந்தார். மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்சாது. அதனால் கிணற்றுக்குள்ளேயே, பாதியில் இருக்கும் பாறைத் திட்டில் இறக்கி ஓட்டினார்கள். இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

தண்ணீர் வற்றியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, அண்ணன் கயிற்றில் விளக்கைக் கட்டி அடிவரை விட்டார். விஷ வாயு இருந்தால் விளக்கு அணைந்துவிடும் என்பது கணக்கு. எட்டிப் பார்த்தோம். எரிந்தது.

"பாத்தீங்ளா? ஒண்ணும் பண்ணாதுங்க. தைரியமா இறங்கு அம்மணி."

இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது என்றேன் நான்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியாம்மா?"

"ஆமாம். கட்டு."

கணவர் சிரித்தார். "உட்டா உங்கம்மா ஹெல்மெட்டும் மாட்டி உடுவா."

இறங்கினாள். கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா… தலை வலிக்குது" என்றாள். பிறகு, "கால் வரமாட்டேங்குது" என்றாள். பிறகு சத்தமே இல்லை.

கணவர் செருப்பை உதறிவிட்டு முதல் படியில் கால் வைத்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். கிழிந்தது. இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மகள் உள்ளே கிடக்கிறாள், அவளிடம் போகிற அப்பாவைப் பிடித்து இழுக்கிறேன்… நானெல்லாம் ஒரு தாயா?

"ஏனுங்க மாப்ள, நீங்களும் போயிப் பக்கத்துல படுத்துக்கறீங்ளா? கயித்தப் புடிங்க!" என்று கத்தினார் அண்ணன்.

மூன்று பேரும் இழுத்தோம். முழங்கை உரிந்து, தலை தொங்கி, துணி மூட்டை மாதிரி மேலே வந்தாள். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்ஜின் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். நிறம் கிடையாது, வாசம் கிடையாது.

"விளக்கு நல்லா எரிஞ்சுதுங்களே?" என்றார் அண்ணன்.

"எரியும். அந்த வாயு விளக்கை ஒண்ணும் செய்யாது. மனுஷனைத்தான்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மண் பரிசோதனை, சொட்டு நீர், மானியப் படிவம் — பயிற்சி முகாம்களில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நிவேதா ஒன்றைக்கூட விட்டதில்லை. கிணற்றைத் தூர் வாருங்கள் என்கிறார்கள், சரி. இறங்கியவர் எப்படி உயிரோடு ஏறுவது? யாரும் சொல்லவில்லை. நாமாவது கேட்டோமா? நிலத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பை ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தால், அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற வழியையும் சேர்த்துத்தானே கொடுக்க வேண்டும்? விளக்குச் சோதனை டீசல் இன்ஜினுக்கு முந்தைய காலத்து அறிவு. இன்ஜினைச் சேர்த்துக்கொண்டோம், சோதனையை மாற்றவில்லை.

மறுநாள் காலை கணவர், "போதும் சாமி, போரே போட்டுக்கலாம்" என்றார்.

"கிணறு என்னப்பா தப்பு பண்ணுச்சு?" என்றாள் நிவேதா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே.

அப்போதுதான் கீழ்த் தோட்டத்து மணி அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துத் தன் கிணற்றையும் தூர் வாரத் தொடங்கியவர்.

"உங்க கெணத்துல ஏதோ பழைய வாயுங்களாமா? எங்களதுல அதெல்லாம் இல்லீங்க. இறைச்சு முடிச்சு, விளக்கு உட்டுப் பாத்தாச்சு. ஜம்முனு எரியுது. ஊட்டுக்காரி இறங்கறேன்னா…"

நிவேதா எழுந்து உட்கார்ந்தாள். "மாமா, எதுல இறைச்சீங்க?"

"இன்ஜின்லதான் அம்மணி. உள்ள வெச்சு."

"போன் போடுங்க. இப்பவே! இறங்கக் கூடாதுன்னு சொல்லுங்க!"

முதல் முறை முழுதாக அடித்து நின்றது. இரண்டாவது முறையும். மூன்றாவது முறை போனை வாங்கி நான்தான் அழுத்தினேன்.

"ஏனுங்க, என்ன அவசரம்?" என்றார் மறுமுனையில் அவர் மனைவி. "மேலதான் இருக்கறேன். டீ குடிச்சுப்போட்டு இறங்கலாம்னு…"

எங்கள் கிணற்று வேலை மறுபடி தொடங்கப்போகிறது — கரண்ட் மோட்டார் வைத்து, மதியம்வரை காத்திருந்து. நான் தடுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன்… எல்லாக் கிணற்றடிக்கும் டீ நேரத்துக்கு வருமா?