நான் எழுதினால் சுவர் விழும்

ஊராருக்காக முனிசிபல் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுப்பது, ஒருமுறை சரியென்று தலையாட்டிவிட்டால் பிறகு கையைவிட்டுப் போகாத வேலை. சாயப்போகிற சுவர், அனுமதி வாங்காமல் எழும்பும் மாடி, சாக்கடை மேல் நீளும் கடை என்று எதைக் கண்டாலும் எங்கள் சந்தில் "இங்கிலீஷ்காரம்மா வீட்டுக்குப் போ" என்பார்கள். கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த குற்றத்துக்காக இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ராத்திரி வேலை. பிள்ளை தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பஞ்சுக் கிட்டங்கி

சந்தின் முனையில், பஞ்சுப் பொதிகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கி. அதன் மண்சுவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். எதிர்வீட்டுச் சோலையம்மாள் வந்து மனு எழுதச் சொன்னாள். சிஸ்டர் கற்றுக்கொடுத்த பணிவோடு "ஐ ஹம்பிளி பெக் டு ஸ்டேட்" என்று ஆரம்பித்து எழுதிக் காலையில் தபாலில் சேர்த்தேன்.

மனு ஆபீஸ் போய்ச் சேருமுன், அன்று சாயங்காலமே சுவர் விழுந்தது. காற்றில்லை, மழையில்லை. நல்லவேளை, குழாயடியில் அப்போது ஒருவரும் இல்லை. புழுதி அடங்குமுன் ஓடினேன். கூடியிருந்த பெண்கள் இடிந்த மண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். என் கையைப் பிடிக்க வந்த சோலையம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மை காயறதுக்குள்ள படுத்துருச்சே, தாயி."

சேலை கட்டிய பொம்மை

எங்கள் வாசலில் நின்றால் தெரியும் இடத்தில், சந்தின் மறுமுனையில் திருமங்கலம் போகும் ரோட்டில், ஒரு மிட்டாய்க் கடைக்காரர் பனங்கம்புகளை ஊன்றி ரோட்டுக்கு மேலே மாடியை நீட்டினார். அனுமதி கிடையாது. மனுவில் விவரம் எழுத வேண்டுமே என்று கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாரத்தில் திருஷ்டிப் பொம்மை தொங்கியது. வைக்கோல் உடம்பு, மண்சட்டித் தலை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் பொம்மை கட்டுவது வழக்கந்தான். மீசை வரைந்து கிழிந்த சட்டை மாட்டுவார்கள். இதற்கோ சேலை, என்னுடையது போலவே முழங்கை மூடிய ரவிக்கை. வலது கையில் பேனா பிடித்த மாதிரி ஒரு குச்சி. முதல்நாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. விடிந்தபோது எங்கள் வாசலைப் பார்த்தது. இடுப்பிலிருந்த என் மகள் அதை நோக்கிக் கையை நீட்டி "அம்மா" என்றாள்.

மனு போட்டேன். கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் மாடி ரோட்டில் இறங்கி உட்கார்ந்தது. அந்த மாடியைக் கட்டிய கொத்தனார் சின்னையாவைப் பிடித்து, பொம்மையை ஏன் என் வீட்டுப் பக்கம் திருப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"ரோட்டப் பாக்கத்தாம்மா கட்டுனேன். திரும்புனத நாங்களும் விடிஞ்சுதான் பாத்தோம்."

வாடிப்பட்டிக்காரர்

அதற்குப் பிறகு மனு கேட்டு வருகிறவர்கள் நிலைப்படி தாண்டுவதில்லை. ஒருநாள் வாடிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயச் சம்சாரி வந்தார். தன் அண்ணன் வீட்டைப் பற்றி எழுத வேண்டுமாம். வெடிப்பு விட்டிருக்கிறதா என்றேன். இல்லையாம். சாய்ந்திருக்கிறதா? அதுவும் இல்லை. வாடிப்பட்டி மதுரை முனிசிபாலிட்டியில் சேராதே என்றேன். "சேந்தா என்ன, சேராட்டி என்ன, நீங்க எழுதுங்கம்மா" என்றார்.

பின்னே எதற்காக மனு என்று கேட்டேன். மைக்கூட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்லுக்கட்டு வீடும்மா, லேசுல விழாது. அதுக்குத்தான இம்புட்டுத் தூரம் ஒங்களத் தேடி வாரேன்."

பொதுச் சுவர்

இனி என் கதை. பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் பழைய மண்சுவர் மேலேயே மாடி எழுப்ப ஆரம்பித்தார். அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. எங்கள் உத்தரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, உத்தரத்தில் தொட்டில். ஒரு காலை பிள்ளையின் தலைமுடியில் மண் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் வெடிப்பு. கொத்தனார்கள் செய்வதுபோல அதன் குறுக்கே சுண்ணாம்பு தடவினேன். சுவர் நகர்ந்தால் காய்ந்த பூச்சு பிளந்துவிடும். மறுநாளே பிளந்திருந்தது. தொட்டிலை அவிழ்த்து முன்னறைக்கு மாற்றினேன்.

மனு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பாரந்தான் சுவரைத் தள்ளும், பேனா தள்ளாது என்று தெரியாதவளா நான்? ஆனாலும் பேனாவை மையில் தோய்க்கும்போதெல்லாம் சுவருக்குள் ஏதோ சரசரவென்று இறங்கியது. பேனாவைக் கீழே வைத்தால் நின்றது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "நான் வீட்ல இருக்கும்போது எழுது" என்றார்.

அப்படியே எழுதி, கையோடு ஆபீசில் கொடுத்தேன். கேள்விப்பட்ட மாரிமுத்து அண்ணன் அன்றைக்கே வேலையை நிறுத்தி, ஏற்றிய செங்கலையெல்லாம் இறக்கினார். "எழுதுனதத் திருப்பி வாங்கிரு தங்கச்சி" என்று வெயிலில் நின்று கெஞ்சினார். "விழவைக்க எழுதலண்ணே, ஆள் வந்து முட்டுக் கொடுக்கத்தான் எழுதுனேன்" என்றேன். அவர் நம்பவில்லை. சுண்ணாம்பு மறுபடியும் பிளந்தது. ஓவர்சியர் இன்று வருவார், நாளை வருவார் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பிள்ளைகள் படுக்கிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மனைவி பேச்சியைக் கூப்பிட்டு, முட்டுக் கொடுக்கிறவரை எல்லோரும் எங்கள் முன்னறையிலேயே படுங்கள் என்றேன். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவள் பிள்ளைகளும் என் மகளும் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குகிறார்கள். படுக்குமுன் பேச்சி என்னிடம் ரகசியமாக ஒன்று கேட்டாள்.

"விழும்னு தெரியும்க்கா, எப்பன்னு மட்டும் சொல்லிருங்க. அடுப்படிச் சாமானெல்லாம் அங்கேயே கெடக்கு."

இந்த ஊரில் என் எழுத்துக்குப் பயப்படாத இடம் ஒன்று உண்டென்றால், அது முனிசிபல் ஆபீஸ்தான்.