வெள்ளம் உடைக்காத வீதி

செய்தி காலை எட்டரை மணிக்கு வந்தது. நான் அப்போதுதான் அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையை மேசையில் வைத்திருந்தேன். எங்கள் சாரதி சிவம் தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ், ஹனீபா ஓவசியர் மௌத்தாகிட்டாராம். விடியக்காலம நெஞ்சு நோகுதெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையாம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.”

“தாம்போதியில தண்ணி நிண்டதோ?” என்று கேட்டேன்.

“என்ன மிஸ் கதைக்கிறீங்கள்? வயலெல்லாம் வெடிச்சுப்போய்க் கிடக்கு. அதோட, குறிஞ்சாக்கேணியில இருந்து ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குத் தம்பலகாமத்தால சுத்தியே போறது?”

இருபது வருடங்களுக்கு மேல் வீதி வேலை பார்த்த ஒருத்திக்கு, ஒரு மனிதரின் மரணச் செய்தி கேட்டு முதலில் வந்த நினைப்பு இது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வேலைகளை மேற்பார்வை செய்தவரும் நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டவருமான ஹனீபாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் காரணம் விளங்கும். தம்பலகாமத்து வயல்களை ஊடறுத்துப் போகும் எங்கள் வீதியில் ஒரு துண்டு மட்டும் வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டப்பட்டிருக்கிறது. மாரியில் வெள்ளம் அதன் மேலால் ஓடிக் கடந்துவிடும். அதுதான் தாம்போதி. வருடத்தில் இரண்டு மூன்று நாட்கள் அவ்விடத்தில் வாகனங்கள் நிற்கும். அப்படி நிற்கும் ஒரு நாளில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எங்கள் இருவருக்கும் எப்போதும் இருந்தது. அந்தப் பயம்தான் அன்று காலை என் வாயில் வந்தது.

அவரை நான் முதலில் கண்டது ஒரு மழை நாளில். படித்து முடித்து, வேறு மாவட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, பொறியியலாளராகத் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். வேலைத்தளத்தில் எல்லோரும் லொறிக்கடியில் ஒதுங்கி நிற்க, ஒருவர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் நடந்துகொண்டிருந்தார். மற்றக் கையில் ஒரு சொப்பிங் பை. பைக்குள் கைவிட்டு எதையோ அள்ளித் தண்ணீரில் எறிவார், குனிந்து பார்ப்பார், பத்தடி நடப்பார், மறுபடியும் எறிவார்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். “மிஸ், கோழிக்குத் தீன் போடுறனெண்டு நினைக்காதீங்க. இது உமி. தண்ணி எங்கால போகுதெண்டு கேட்டா இது சொல்லும்.”

“மட்டம் பாக்கிற கருவி இருக்குத்தானே நானா?”

“இருக்கு மிஸ். அது நிலத்தைப் பாக்கும். நான் தண்ணியப் பாக்கிறன்.”

நன்றாகச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. படித்தவர்களைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கும் பழைய ஓவசியர்களின் கதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். எனக்கு முப்பத்தாறு.

தம்பலகாமத்து வீதியை உயர்த்திப் போடும் வேலை என் பொறுப்பில் வந்தது. அது நான் தனியாக வரைந்த முதல் வீதி. அளவை எடுத்தது கடும் கோடையில். வெள்ளம் எந்தப் பக்கமாகப் போகும் என்று வயற்காரர்களைக் கேட்டோம். ஒவ்வொருவரும் பக்கத்து வயலைக் காட்டினார்கள். பக்கத்து வயற்காரர் அதற்கடுத்த வயலைக் காட்டினார். தன் வயலுக்குள்ளால் தண்ணீர் போகும் என்று சொன்னால் அங்கே மதகு கட்டி வாய்க்காலும் வெட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். ஹனீபா நானா மட்டும், “ஒரு மாரி பொறுங்க மிஸ், நான் நடந்து பாத்துச் சொல்றன்” என்றார். ஒரு மாரி பொறுக்க எங்கள் திட்டத்தில் இடமிருக்கவில்லை. வரைபடத்தில் எங்கே தாழ்வாகத் தெரிந்ததோ அங்கே மூன்று மதகுகள் வைத்து, வீதியை மூன்றடி உயர்த்தினேன்.

முதல் மாரியிலேயே அந்த வீதி வெள்ளத்தை மறித்துக்கொண்டது.

மத்தியானம் போல அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். போய்ச் சேர்ந்தபோது மேற்குப் பக்கம் முழுவதும் ஒரே வெள்ளமாக இருந்தது. முளைத்து ஒரு சாண் வளர்ந்திருந்த நெல் அதற்குள் மூழ்கிக் கிடந்தது. கிழக்குப் பக்கத்து வயல்களில் முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. ஐம்பது அறுபது பேர் மண்வெட்டிகளோடு வீதியில் நின்றார்கள். அவர்களின் வட்டவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் பெரியவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பிள்ளை கட்டினது றோட்டோ, குளக்கட்டோ?”

நான் என் மதகுகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“குளக்கட்டெண்டா ஒரு துருசுக் கதவும் வைச்சிருக்கலாமே. திறந்து விட்டிருப்பம்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

பொலிசைக் கூப்பிடலாம் என்று எங்களோடு வந்தவர்களில் ஒருவர் சொன்னார். ஹனீபா நானா அதைக் காதில் வாங்காமல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மிஸ், இவங்க வெட்டினா கண்ட இடத்துல வெட்டுவாங்க. பிறகு தண்ணி அவ்வளவையும் கரைச்சுக்கொண்டு போகும். வெட்டுறதெண்டா நாம வெட்டுவம்.”

“எங்க வெட்டுறது?”

அவர் அந்த உமிப் பையை எடுத்தார். மேற்குக் கரையில் இறங்கி, கை நிறைய உமியை அள்ளி வெள்ளத்தில் வீசினார். அது மெல்ல நகர்ந்தது. என் முதல் மதகைத் தொடவில்லை. இரண்டாவதைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவதுக்கு வெகு தூரத்துக்கு முன்பாகவே ஒரு மருத மரத்தடியில் வீதிக் கரையோடு முட்டி, அங்கேயே சுற்றிச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டமாக நின்றது. வயற்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அதுதான் மிஸ் அதுட வழி. நாம பிறக்க முன்னயே அந்த வழியாலதான் போய்க்கொண்டிருந்திருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வெட்டச் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“வெட்டுங்கோ” என்றேன்.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து அந்த இடத்தில் வீதியை வெட்டியது. பின்னேரத்துக்குள் மேற்குப் பக்கத்து வெள்ளம் இறங்கத் தொடங்கியது. நெல்லில் பாதிக்கு மேல் தப்பியது.

இனிச் சொல்லப்போவதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவர் அறைக்கு வெளியே ஹனீபா நானாவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். “மிஸ், தண்ணி உடைச்சதெண்டு சொல்லப்போறன்” என்றார் அவர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவரைப் போல.

“அது பொய் நானா.”

“பொய்தான். உங்கட கையால கட்டி உங்கட வாயால வெட்டச் சொன்னதெண்டு தெரிஞ்சா உங்களை இஞ்ச வைக்க மாட்டாங்க. நீங்க போனா அடுத்ததா வாறவர் அந்த இடத்தைத் திரும்ப உசத்துவார். நீங்க இப்ப கண்ணால கண்டுட்டீங்க. அவருக்கு நான் முதல்ல இருந்து உமி வீசிக் காட்டோணும். எனக்கு ஏலாது.”

அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட்டபோது, “ஓவசியர் சொன்னதோடு உடன்படுகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள். ஓம் என்றேன். வெள்ளத்தால் உடைந்தது, மண் இறுக்கும் வேலையை ஓவசியர் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்று கோப்பில் எழுதப்பட்டது. தண்டனையாக அவரைத் தூரத்து வெருகல் பக்கம் மாற்றினார்கள். இரண்டு வருடம் அங்கே இருந்தார். ஒரு தடவைகூட அதைப் பற்றி என்னிடம் முறையிடவில்லை. முறையிட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெட்டிய இடத்தில் தாம்போதி கட்டும் வேலை இழுபட்டு, அவர் திரும்பி வந்த பிறகுதான் தொடங்கியது. பழைய வீதியிலிருந்து கிளப்பிய தார்க் கட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு லொறி வந்தபோது அதைத் திருப்பி அனுப்பினார். “பழைய றோட்டை எறியாதீங்க. புது றோட்டு அதுக்குள்ளதான் கிடக்கு.” அவற்றை உடைத்து வீதியின் இரு ஓரத் தோள்களுக்கு அடியில் பரப்பினோம். மண் கரையாமலிருக்கச் சரிவுகளில் வெட்டிவேர் நட்டோம். மலையிலிருந்து புதிதாகக் கல் உடைத்து ஏற்றி வருவது பெருமளவு குறைந்தது. நிலைத்து நிற்கும் வீதி அமைப்பு என்று கருத்தரங்குகளில் நான் பிறகு படங்களோடு விளக்கிய பலவற்றை அவர் அதற்கு முன்பே, அந்தப் பெயர் தெரியாமல், செய்துகொண்டிருந்தார்.

அவர் எல்லாம் அறிந்தவர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். நாட்குறிப்பு ஒழுங்காக எழுத மாட்டார். கோபம் வந்தால் அது யாராக இருந்தாலும் பார்க்க மாட்டார். புதிய முறை எதையும் எளிதில் நம்ப மாட்டார். கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து ஒரு துண்டு வீதி போட்டபோது, “குப்பைக்கு நல்ல பேர் வைச்சாச்சு” என்று ஆட்களுக்கு முன்னால் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது பிழை. மூன்று மாரி கண்ட பிறகும் அந்தத் துண்டில் ஒரு குழி விழவில்லை. ஒரு நாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்து பார்த்ததைத் தூரத்திலிருந்து கண்டேன். வந்து என்னிடம் தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார். அவ்வளவுதான்.

தாம்போதியின் இரு கரையிலும் ஆழம் காட்டும் தூண்களை நட்டதும் அவர்தான். நான் மீற்றர் அளவு போடச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் வெள்ளைத் தூணில் கறுப்புப் பெயின்றால் முழங்கால், தொடை, இடுப்பு என்று எழுதியிருந்தது.

“என்ன நானா இது?”

“தண்ணிக்குள்ள நிக்கிறவன் மீற்றரைப் பாக்க மாட்டான் மிஸ். அவன்ட காலைத்தான் பாப்பான்.”

மறுபக்கத்தில் மீற்றரும் எழுத வைத்தேன். இப்போதும் இரண்டும் இருக்கின்றன. மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தாம்போதியால் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ள நாட்களில் பஸ் போகாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தடைப்படும். ஒரு மாரியில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கடத்த வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் தடியை ஊன்றி முன்னால் நடந்து வழி காட்டியவர் ஹனீபா நானா. அவர் கரையேறிச் சாரத்தைப் பிழிந்தார். “இது சரிதானா நானா?” என்று கேட்டேன். “சரியெண்டு சொல்லேலாது மிஸ். மறிச்சா அறுநூறு வயல். விட்டா மூணு நாள். இந்த மூணு நாளுக்கு நாமதான் வந்து நிக்கோணும்” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் அவ்விடத்தில் ஒரு உழவு இயந்திரம் காத்து நின்றது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் போய் நின்றார்.

துறைமுகத்திலிருந்து போகும் கனரக லொறிகள் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும் என்று அண்மையில் ஒரு திட்டம் வந்தது. தாம்போதியை நிரப்பி வீதியை மீண்டும் உயர்த்த வேண்டும் என்கிறது அது. காட்டிய காரணம்: இவ்விடம் பலவீனமானது, முன்பும் ஒரு தடவை வெள்ளத்தால் உடைந்தது. சான்று, எங்கள் கோப்பு. அன்று என்னை இங்கே வைத்திருக்கவும் அந்த இடத்தைத் தாழ்வாக விடவும் சொன்ன பொய்யே இப்போது அதை உயர்த்துவதற்குச் சாட்சியாக வந்து நிற்கிறது.

இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன் அவர் அலுவலகத்துக்கு வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“மிஸ், உண்மைய எழுதுங்க. நான் பென்சனுக்குப் போயிட்டன். இனி என்னை எங்க மாத்துவாங்க?”

“பயம் உங்களுக்கில்லை நானா, எனக்குத்தான்” என்று சொல்ல வந்து, சொல்லாமல், “பாப்பம் நானா” என்றேன்.

“பாருங்க” என்றார். “மாரிக்கு முன்னம் பாருங்க.”

அடக்கம் நடக்கும் நேரத்தில் நான் குறிஞ்சாக்கேணியில் அவர் வீட்டில் பெண்களோடு இருந்தேன். அவருடைய மனைவி சுவரோடு சாய்ந்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். பிறகு கேட்டார்: “மிஸ், அந்த பைல் முடிஞ்சுதா? இவங்க ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு இருந்தாங்க. மிஸ் எழுதியிருப்பாவா, எழுதியிருப்பாவா எண்டு.”

“இன்னும் இல்லை” என்றேன்.

“எழுதுவாவெண்டுதான் சொன்னாங்க” என்றார் அவர்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். அவர் நட்ட தூண்களைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அன்று மண்வெட்டியோடு நின்றவர்களும் இருக்கிறீர்கள். நான் வைத்திருப்பது மஞ்சள் வட்டமாகச் சுற்றி நின்ற அந்த ஒரு கை உமி. மனதிற்குள்தான். இந்த மாரிக்குக் குடையோடு போய் நானே வீசிப் பார்க்கவேண்டும்.

அடக்கத்துக்கு மறுநாள் அந்தக் கோப்பை எடுத்தேன். வெள்ளத்தால் உடைந்தது என்ற வரியை நான் வெட்டவில்லை. அது எங்கள் இருவரின் பொய், கிடக்கட்டும். அதற்குக் கீழே திகதியிட்டு, பெயரும் பதவியும் எழுதி, இதைச் சேர்த்தேன். என் மேல் என்ன நடவடிக்கை வரும் என்று இன்னும் தெரியாது.

“மேற்கூறியது உண்மையல்ல. இவ்விடத்தில் வீதி உடையவில்லை. வெள்ளத்தின் வழியை மறித்து நான் கட்டியிருந்ததால் அதை வெட்ட நேர்ந்தது. வெட்டச் சொன்னது நான். இடத்தைக் காட்டியது ஓவசியர் ஹனீபா. அவர் காட்டிய இடம் சரியானது.”