வாசலுக்குப் பெயர் பார்

இங்கிலாந்தில் யோர்க் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே தெருவைக் 'கேட்' என்பார்கள். கோட்டை வாசலைப் 'பார்' என்பார்கள். பதினொரு வயதில் எனக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. அதனால் மாமாவின் கலியாணம் நின்றது.

போன வாரம் என் மகன் குளியலறைக்குள் இருக்கும்போது கதவின் பூட்டு சிக்கிக்கொண்டது. கால் மணி நேரம். அவன் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். வெளியே நின்று கதவில் அடித்து அழுதது நான்தான். அன்றிலிருந்து மாமாவின் நினைவாகவே இருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கனடாவில், மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த எங்கள் மேல்மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குளிக்கப் போனால் கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிட்டே குளிப்பார். அது இலங்கைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு பெண் பொருந்தி வந்தது. ஆனால் மாமா ஊரில் வேலையை விட்டதற்கும் கனடா வந்ததற்கும் இடையில் இரண்டு வருடம் இடிக்கிறதே என்று தரகர் தொலைபேசியில் கேட்டார். அம்மா யோசிக்காமல், "இங்கிலாந்தில படிச்சவன்" என்றார். எந்த இடம் என்றதற்கு, அப்போது நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து, "யோர்க்" என்றார். தொலைபேசியை வைத்தபின் மாமாவிடம் விளக்கினார்: "லண்டன் எண்டால் எங்கட சனம் கூட. பிடிச்சுப்போடுவினம்."

அந்தப் புத்தகம் நூலகம் கழித்துப் போட்ட பெட்டியிலிருந்து நான் எடுத்து வந்தது. யாரோ ஒரு பாதிரியார் பிரெஞ்சில் எழுதிய பழைய பயணக் கதை. யோர்க்குக்கு ஓர் அத்தியாயம் முழுவதும் கொடுத்திருந்தார். மாமாவுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் வாசித்து, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்குவார்.

உரோமர் காலத்தில் அந்த ஊரின் பெயர் எபோராக்கம், வடக்கிலிருந்து கடலோடிகள் வந்து பிடித்தபின் யோர்விக், பிறகு யோர்க். மூன்றும் வெவ்வேறு ஊர்கள் என்றே நான் முதலில் குழம்பினேன்.

"ஆமி மாற மாற ஊருக்கும் பேர் மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றார் மாமா. "பிள்ளை, எனக்கும் பேர் மூண்டு. வீட்டில ஒண்டு, பாஸ்போர்ட்டில ஒண்டு."

"மற்றது?"

"மற்றது நம்பர்."

எண் எப்படிப் பெயராகும் என்று எனக்கு விளங்கவில்லை. புத்தகத்தில் எந்த ஊருக்கும் எண் இருக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் பெண்ணின் தாயும் தகப்பனும் வந்தார்கள். அம்மா பற்றிஸ் பொரித்திருந்தார். பேச்சு நன்றாகவே போனது. யோர்க் என்றதும் தகப்பன், "டொரன்டோவில இருக்கிற நோர்த் யோர்க்கோ?" என்று பகிடி விட்டார். பிறகு, "யோர்க்கில எவடம் தம்பி?" என்றார்.

மாமா பாடமாக்கியதைப் பிசகாமல் ஒப்புவித்தார். "மிக்கிள்கேட் பாருக்குப் பக்கத்தில."

பெண்ணின் தாய் கையிலிருந்த பற்றிஸைத் தட்டில் வைத்தார். "பாருக்குப் பக்கத்திலயோ?"

"பக்கத்திலயோ, உள்ளுக்கயோ?" என்றார் தகப்பன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

அம்மா, "ஐயோ, தம்பி தொடவே மாட்டான்" என்று தொடங்க, மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அங்கிள், பார் எண்டால் சாராயக்கடை இல்லை, கோட்டை வாசல். கேட் எண்டால்தான் றோட்டு" என்றேன்.

"அப்ப சாராயக்கடையை என்னெண்டு சொல்லுறவை? கோயில் எண்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு உயிர் வந்தது. தகப்பன் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி. மாமா சொல்லித் தந்தவரோ?" என்று கேட்டார்.

அங்கே நான் ஓம் என்றிருக்கலாம். "இல்லை அங்கிள், மாமாவுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தனான்" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்து வர ஓடினேன். திரும்பி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. தகப்பன் மரியாதைக்காக இரண்டு பக்கம் புரட்டினார். "சரி, வாறம்" என்று எழுந்தார்கள். வருகிறோம் என்றுதானே சொன்னார்கள் என்று அடுத்த ஞாயிறும் நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன்.

அந்த இரண்டு வருடமும் மாமா கொழும்பில் விசாரணை எதுவும் இல்லாமல் சிறையில் இருந்தார். அம்மா இதை எனக்கு மகன் பிறந்த பிறகுதான் சொன்னார். பெண் வீட்டாருக்கு உண்மையையே சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சொன்னால் எழுந்து போயிருக்கமாட்டார்களா என்பதும் தெரியவில்லை.

அன்று அவர்கள் படியிறங்கிப் போனபின் என்னை ஒருவரும் ஏசவில்லை. அம்மா மிச்சப் பற்றிஸைப் பெட்டியில் அடுக்கினார். மாமா புத்தகத்தை எடுத்து, வாசல் படம் இருந்த பக்கத்தை விரித்தார்.

"பிள்ளை, இந்தக் கதவு உள்ளுக்கால பூட்டுறதோ, வெளியாலயோ? எழுதியிருக்கோ?"

அத்தியாயம் முழுவதும் தேடினேன். பொழுது சாய்ந்தால் பூட்டுவார்கள் என்று மட்டுமே இருந்தது.

"எழுதேல்லை மாமா."

"வடிவாப் பார்."

மறுபடியும் பார்த்தேன். அடுத்த பெண் வீட்டார் கேட்டால் சொல்வதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.