லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

எங்கள் வீட்டுப் பழைய கார் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. போன வருடம் அது பதிமூன்றாகி, பிறகு ஒன்பதில் வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதம் ஒரு முறை அப்பாவை ஆஸ்பத்திரிக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, அவ்வளவுதான் நான் அதை ஓட்டுவது. மற்ற நாட்களில் ஆபீஸ் பஸ்.

ஒர்க்‌ஷாப்காரர் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றினார். டயரில் காற்று பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். நானும் டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது வகுத்துப் பார்த்தேன். அதே ஒன்பது.

"வண்டியில ஒரு குழப்பமும் இல்லக்கா, கேட்டியளா. பெட்ரோல எவனாவது உறிஞ்சி எடுக்கானோன்னு நோக்குங்க" என்றார்.

விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். அம்மா, "இருந்துட்டுப் போட்டுமே" என்றாள். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. பிறகு யாருக்காக இந்தத் தகர டப்பா என்று கத்திவிட்டேன். அம்மா மாவு கரைக்கப் போய்விட்டாள்.

வாங்குகிறவர் ஐந்து மணிக்கு வருவதாக இருந்த அன்று, அரைநாள் லீவு போட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற காரில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அம்மா. பக்கத்தில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. கார் ஒரு அடிகூட நகரவில்லை.

ஆரியசாலையில் தேயிலைக் கடை வைத்திருந்த காலத்தில் அப்பா வாரம் தவறாமல் காரில் பொன்முடி மலைக்குப் போய்ச் சரக்கு எடுப்பார். நோய் வந்த பிறகும், மதியமானால் பொன்முடிக்குப் போகணும் என்று கதவை இடித்து அழுவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அந்தப் புகாரே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்னைப் பார்த்ததும் அம்மா கண்ணாடியை இறக்கினாள். "எனக்குச் சாவி திருக மட்டுந்தான் தெரியும். இந்தச் சத்தம் கேட்டா அடங்கிருதாரு. நீ மைலேஜ் மைலேஜ்னு சண்டை போட்டியா, சொல்லப் பயமா இருந்துச்சு. இன்னைக்கு வண்டி போயிரும்லா, கடைசியா ஒரு தடவை கூட்டிட்டுப் போலாம்னு..."

"வளைவு வருது, பைய போ" என்றார் அப்பா.

அம்மா பேச்சை விட்டுவிட்டு முன்னால் திரும்பி, இல்லாத வளைவுக்கு ஹாரன் அடித்தாள்.

என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. சொல்லக்கூடப் பயப்படும்படி அம்மாவை வைத்திருந்திருக்கிறேனே. வாங்குகிறவருக்கு ஃபோன் செய்து, கார் விற்பதற்கில்லை என்றேன். அவர் ஏதோ கோபமாகச் சொன்னார். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் வழியில் ஏற்றிக்கொண்ட ஆளிடம் பேசும் மரியாதையோடு சிரித்தார்.

"உங்களுக்கு எங்க எறங்கணும்?"

"நீங்க போற வரைக்கும் வாறேன்" என்றேன்.